சுட்டது யார்?

"துமுக்கிச் சூடு (துப்பாக்கிச் சூடு) நடந்தது, உயிர்கள் பிரிந்தன." இந்நாட்டு அரசறிக்கைகளைப் புரட்டுவார் எவரும் இவ்வகைத் தொடரையே மீண்டும் மீண்டும் காண்பர். எட்டாம் வகுப்புச் சிறுவனிடம் இதனைத் தந்து, எழுவாய் எது எனின், 'துமுக்கிச் சூடு' என்பான். அவன் விடையில் பிழையில்லை. மழை பெய்தது, காற்று வீசியது என்பன போலச் சூடும் தானே நடந்ததாம். உயிரும் தானே பிரிந்ததாம்! விசையை இழுத்த கையும், இழுக்கச் சொன்ன வாயும் அத்தொடருள் எங்கும் இல்லை. இதனை எழுதினோன் இலக்கணம் அறியாதவன் அல்லன். நன்கறிந்தே எழுவாயை ஒளித்தவன்.

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தென்மேற்கே, திண்டிவனத்தினின்று புதுவைக்குச் செல்லும் சாலையில் கிளியனூர் உள்ளது. அவ்வூரினின்று தெற்கே சென்றால் புதுவை. அங்கே, 30.7.1936 அன்று, சவானா ஆலையில் உரிமை கேட்ட தொழிலாளர் பன்னிருவரைப் பிரெஞ்சு அரசின் படை சுட்டுக் கொன்றது. மேற்கே சென்று விழுப்புரச் சாலையைப் பிடித்தால் சித்தணி, பார்ப்பனப்பட்டு, கோலியனூர் என்று ஊர்கள் வரும். 1987 செபுதம்பர் 17 முதல் ஒரு கிழமை நடந்த வன்னியர் இடவொதுக்கீட்டுச் சாலை மறியலில் உயிர்விட்ட 21 ஈகியரின் பட்டியலில் இவ்வூர்ப் பெயர்கள் உள்ளன. அவர்களுள் பலர் காவலர் குண்டுக்கு இரையானோர்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், தமிழ்ப் பெருமக்களே! 1936-ஐப் பற்றி எழுதுங்கால் பிரெஞ்சுக்காரன் சுட்டான் என்று எழுவாயைத் தலையில் வைத்தே எழுதுகின்றோம். வெள்ளையன் சுட்டான் என்பதிலும் நமக்குத் தயக்கமில்லை. நம்மவர் ஆட்சியில், நம் மொழி பேசுங் காவலர், நம் மக்களைச் சுட்டபொழுது மட்டும் எழுவாய் எங்கோ ஓடி ஒளிந்துகொள்கின்றது. 27.1.1965 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர் குண்டுக்கு இரையானார். இந்தித் திணிப்பை எதிர்த்த அப்போரில் மாண்டோர் 70 பேர் அளவினர் என்பது அரசுக் கணக்கு. மக்கள் கணக்கோ அதனினும் மிகப் பெரிது. இராசேந்திரனுக்குச் சிலை உண்டு. 1987-இன் 21 ஈகியர்க்கு 28.1.2025 அன்று விழுப்புரத்தில் நினைவு மண்டபமும் திறக்கப்பட்டது. நன்று. ஆயின், மாண்டோர் பெயரைக் கல்லில் பொறிக்க முப்பத்தேழு ஆண்டு கழித்தேனும் கைவந்த அரசுக்கு, சுட ஆணையிட்டோர் பெயரைத் தாளில் எழுத ஏன் இன்னுங் கைவரவில்லை?

உசாவல் ஆணையம் வைத்தோமே என்பர். தூத்துக்குடியைப் பார்ப்போம். 22.5.2018 அன்று, நச்சாலையை மூடக் கோரி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள் சுடப்பட்டனர். அன்றும் மறுநாளும் நடந்த சூட்டில் மாண்டோர் 13 பேர். மறுநாளே ஓய்வுபெற்ற நடுவர் அருணா செகதீசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. நான்காண்டு உழைத்து 2022 மேத் திங்களில் அறிக்கை தந்தார். அக்குதோபரில் அது சட்டமன்றில் வைக்கப்பட்டது. அவ்வறிக்கை எழுவாயை ஒளிக்கவில்லை என்பதை நன்றியுடன் கூறல் வேண்டும். மறைவிடத்தினின்று, ஓடுகின்ற மக்களைக் காவலர் சுட்டனர் என்று அது கூறிற்று. காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கை வேண்டும் என்றது. அன்றைய மாவட்ட ஆட்சியரையும் விடவில்லை.

ஆயினும் ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பாகாது. 1952-ஆம் ஆண்டின் உசாவல் ஆணையச் சட்டம் அவ்வாறே அமைந்துள்ளது. ஆணையம் பரிந்துரைக்கலாம், ஒறுக்கவியலாது. அதன்முன் ஒருவர் கூறிய சொல்லை அவர்க்கெதிராகவே குற்ற வழக்கில் எடுத்துரைக்கவும் இயலாது. ஏற்பதும் தள்ளுவதும் அரசின் விருப்பம். சுடப்பட்ட மக்களின் சினம் ஆறும்வரை காலத்தைக் கடத்தவே ஆட்சியாளர், எக்கட்சியினராயினும், ஆணையத்தை நாடுகின்றனர். கொலைக்குற்றத்தை உசாவ வேண்டிய இடம் குற்றவியல் நயன்மன்றமே.

அம்மன்றம் காலந்தாழ்த்தும் என்பது மெய்யே. ஆயினும் அதன்முன் சென்ற வழக்குகள் என்னாயின என்று நோக்குக. நம் வன்னியர் மறியல் நடந்த அதே 1987-இல், மே 22 அன்று, உத்தரப்பிரதேசத்து மீரட்டு நகரின் ஆசிம்புராவில் முசுலிம் ஆடவரைப் பிடித்துச் சென்று, ஏறத்தாழ 40 பேரைச் சுட்டு நீர்க்காலில் தள்ளினர் அம்மாநில ஆயுதக் காவற்படையினர். உயிர்தப்பிய சிலர் சான்று கூறினர். 2015-இல் கீழ்மன்றம் 16 பேரையும் விடுவித்தது. 31.10.2018 அன்று தில்லி உயர்நயன்மன்றம் அந்தப் பதினாறு பேர்க்கும் வாழ்நாட் சிறை விதித்தது. முப்பத்தோராண்டு! காலத்தாழ்ச்சி கொடுமைதான், ஆயின் அங்கே எழுவாய் கிடைத்தது.

நம் நாட்டிலேயே வாச்சாத்தி உண்டு. அது துமுக்கிச் சூடன்று. ஆயினும் சீருடை உடுத்தோர் செய்த கொடுமையே. 20.6.1992 அன்று தருமபுரி மாவட்டத்து அம்மலைவாழ் மக்களின் சிற்றூரில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து வீடுகளைச் சூறையாடின. பெண்கள் 18 பேர் கற்பழிக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு முடியுமுன் 54 பேர் இறந்தொழிந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று 29.9.2011 அன்று தருமபுரி மன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர்நயன்மன்றமும் அதனை உறுதிசெய்தது. 215 எழுவாய்கள்! எழுத்தறியாத மலைப்பெண்கள் கூண்டேறி, இவன், இவன் என்று சுட்டிக் காட்டிப் பெற்ற தீர்ப்பு அது.

நயன்மன்றம் இங்ஙனம் நெடுங்காலம் இழுப்பதால்தான் காவலரே சுட்டு முடிப்பதை மக்கள் வரவேற்கின்றனர் என்று சிலர் வாதிடுவர். 6.12.2019 அன்று ஐதராபாத்திற்கு அருகே, பெண் மருத்துவர் ஒருவரைக் கெடுத்துக் கொன்றனர் என்று பிடிக்கப்பட்ட நால்வரைக் காவலர் சுட்டுக் கொன்றபொழுது அக்காவலர்மேல் மக்கள் பூச்சொரிந்தனர். பின்னர் உச்சநயன்மன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்குடனேயே சுட்டனர் என்றும், காவலர் பதின்மர்மீது கொலைவழக்கு நடத்த வேண்டும் என்றும் கூறிற்று. மாண்ட நால்வருள் மூவர் அகவை நிரம்பாச் சிறுவர் என்றுங் கண்டது. சொரிந்த பூவை யார் திரும்பப் பொறுக்குவது?

இக்கொலைகளுக்கு 'என்கவுன்டர்' என்று பெயரிட்டுள்ளனர். நேர்ப்படல் என்பதே அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். வழியில் நண்பனைக் காண்பதும் நேர்ப்படலே. கொலைக்கு அயற்சொல்லால் முக்காடிட்டு, அச்சொல்லையே செய்தித்தாள்களும் கூசாது அச்சிடுகின்றன. தமிழில் அதற்குச் சொல் இல்லையா? உசாவாக் கொலை என்க.

இதனைத் தமிழன் நேற்றுக் கண்டவன் அல்லன். மதுரையில் கோவலனைக் கொன்றது உசாவாக் கொலையே. அவனைக் கண்ட காவலர், இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று முதலில் தயங்கினர். பொற்கொல்லன் சொல்வன்மையால் அவர்களை மயக்கினான். கல்வியற்ற காவலன் ஒருவன் வாளெறிந்தான். இளங்கோவடிகள் எழுவாயை மறைத்தாரா? இல்லை. வாள் வீசியவனையும் காட்டினார், பொய்யுரைத்தவனையும் காட்டினார், ஆணையிட்ட பாண்டியனையும் காட்டினார். அப்பாண்டியனோ, குற்றவாளி யார் என்ற வினாவிற்குத் தன்னையே விடையாகக் கூறி வீழ்ந்தான். இற்றை ஆட்சியாளரிடம் அத்துணைப் பெருமையை எதிர்பார்ப்பார் இலர். பெயரைச் சொன்னாற் போதும்.

பெயரைச் சொல்ல விடாமல் தடுப்பது சட்டமே. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132, 197-ஆம் பிரிவுகள், கடமையின்போது செய்தது என்று காட்டிய அளவில், அரசின் இசைவின்றி அலுவலர்மீது வழக்குத் தொடுக்கவியலாது என்றன. சுட்டவனும் அரசு, இசைவு தர வேண்டியவனும் அரசு! 1.7.2024 முதல் அச்சட்டத்திற்குப் 'பாரதீய நாகரிக் சுரக்சா சன்கிதா' என்று தமிழன் நாவில் நுழையாத பெயரைச் சூட்டினர். பெயர் மாறிற்றேயன்றிக் காப்பு மாறவில்லை. 151, 218 என எண்களே மாறின. 120 நாளுள் அரசு முடிவு கூறாவிடின் இசைந்ததாகக் கொள்ளப்படும் என்றொரு சிறு வாயில் மட்டும் 218-இல் திறந்துள்ளது.

அவ்வாயிலைத் தமிழர் பயன்படுத்தல் வேண்டும். காவலர் சூட்டில் உயிர் போனால் வழக்குப் பதிதல் வேண்டும், அதே நிலையத்தார் புலனாய்தல் கூடாது, சுட்டோர்க்கு உடனடியாகப் பரிசும் பொறுப்புயர்வும் தருதல் கூடாது என்று 2014-இல் உச்சநயன்மன்றமே ஆணையிட்டுள்ளது. அவ்வாணையைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காவல் நிலையத்து வாயிலிலும் தொங்கவிடுக. தூத்துக்குடி அறிக்கை சுட்டிய ஒவ்வொருவரையும் குற்றக் கூண்டில் ஏற்றுக. 1987 செபுதம்பரில், எந்த ஊரில், எந்த நாளில், எந்த அலுவலர் சுட ஆணையிட்டார் என்னும் கோப்புகளை விழுப்புரம் மண்டபத்திலேயே மக்கள் படிக்கும்படி வைக்குமாறு, சித்தணியும் கிளியனூரும் உள்ளிட்ட ஊர்களின் மன்றக் கூட்டங்கள் தீர்மானம் இயற்றி அரசிற்கு விடுக்கட்டும்.