விதைத்தவர் யார்? அறுப்பவர் யார்?

2025-ம் ஆண்டுக்கான பௌதிக நோபல் பரிசு, ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்டினிஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1984, 1985-ல் அவர்கள் நடத்திய பரிசோதனைகளுக்கே இந்தப் பரிசு.

அவர்கள் கண்டது என்ன? சில உலோகங்களைக் கடுங்குளிரில் வைத்தால் மின்தடை அடியோடு மறைந்துவிடும். 1911-ல் ஹாலந்து நாட்டில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தில் இதைக் கண்டார். அந்நிலையில் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து ஒரே உடல்போல் இயங்குகின்றன. அத்தகைய இரு உலோகங்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் இருந்தாலும் ஜோடிகள் அதைக் கடந்து செல்லும் என்று 1962-ல் 22 வயது பிரிட்டிஷ் மாணவர் பிரையன் ஜோசப்ஸன் கணித்தார்.

பெர்க்லி விஞ்ஞானிகள் இத்தகைய மின்சுற்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். மின்னழுத்தம் இல்லை. ஒரு சக்தித் தடை அந்நிலையைச் சிறை வைத்திருந்தது. தடையை ஏறிக் கடக்கப் போதிய வெப்பமும் இல்லை. ஆயினும் திடீரென மின்னழுத்தம் தோன்றியது! சுற்று முழுவதும் தடையை ஊடுருவி வெளிவந்துவிட்டது. குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே அது சக்தியை ஏற்பதும் நிரூபணமாயிற்று. அணுவுலகில் கண்ட குவாண்டம் விதிகள், கையில் ஏந்தத்தக்க சுற்றிலும் செயல்பட்டன.

குவாண்டம் என்றதும் ‘பொருள் பொய், மனமே மெய்’ என்று கதைப்போருக்கு இது சரியான பதில். மறைந்தது பொருளல்ல, பொருளைப் பற்றிய பழைய எண்ணமே. மாமேதை லெனின் 1909-லேயே இவ்விதம் வாதாடினார்.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெர்க்லியில் இருப்பது அரசாங்க சர்வகலாசாலை. உதவியது அமெரிக்க எரிசக்தி இலாகா. அதாவது, மக்களின் வரிப்பணம். உடனடி லாபம் தராத ஆராய்ச்சியைப் பல்லாண்டு தாங்கி நின்றது பொதுப்பணமே. பாதை தெளிவான பிறகுதான் பெருமூலதனம் பாய்ந்து வந்தது. 2019-ல் இத்தகைய 53 சுற்றுக்களைக் கொண்ட குவாண்டம் கம்ப்யூட்டரைக் காட்டி மார்தட்டியது கூகிள். விதைத்தது மக்கள், அறுக்க வருவது ஏகபோகம்!

அதோடு நின்றதா? 2025-ல் டிரம்ப் சர்க்கார் முன்வைத்த பட்ஜெட், அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் நிதியில் பாதிக்கு மேல் வெட்ட முனைந்தது. விளைச்சலைக் கொடுத்துவிட்டு, விதைநெல்லையும் விற்கும் கொள்கை இது.

நம் நாட்டில் 2023-ல் மத்திய சர்க்கார் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு அனுமதி தந்தது. இதுவும் உழைப்பாளி மக்களின் பணமே. இப்பணம் பொது ஆய்வுக்கூடங்களையும் சர்வகலாசாலைகளையும் வளர்க்கட்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை காலம் தவறாமல் கிடைக்கட்டும். பிறக்கும் கண்டுபிடிப்புகள் தனியார் பெட்டகத்தில் முடங்காமல் தேசத்தின் சொத்தாகட்டும். மக்கள் விதைத்ததை மக்களே அறுக்க வேண்டும்!