மீண்டும் ஒரு வினாக்கொத்தா?

ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன்களுக்கு ஆய்வாளர் வருகை புதிதன்று. பிள்ளையை நிறுப்பர், தாயின் உணவை வினவுவர், குறித்துக்கொண்டு செல்வர். சில ஆண்டுகளின் பின் வேறொருவர் அதே வாசலில் அதே வினாக்கொத்துடன் நிற்பர். முன்னவர் கண்டதைப் பின்னவர் முறையாகத் தேடுவது அரிது. தேடும் முறை அவருக்குக் கற்பிக்கப்படுவதோ அதனினும் அரிது.

2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்ற பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதம். ஆகவே, குறைபாடு உண்டா என்பது விடை கண்ட வினா. எந்நடவடிக்கை, எச்சூழலில், எத்துணை அதனைக் குறைக்கும் என்பதே எஞ்சிய வினா. இதற்கு, நடந்த ஆய்வுகளை எஞ்சாது திரட்டித் தரம் பிரித்து ஒப்புநோக்கல் வேண்டும். இதுவே முறைமைசார் மீளாய்வு. ஒத்த ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளிவிபரவியல் வழி இணைப்பது மெற்றா பகுப்பாய்வு. அப்பெயரை 1976 இல் இட்ட ஜீன் கிளாஸ் கல்வி ஆய்வாளர். எனவே இது மருத்துவ பீடத்தின் தனியுடைமையன்று.

நூலகத்தில் அமர்ந்து செய்வது ஆய்வாகுமா எனக் கேட்போர் உளர். குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தால் சிசு பிழைக்கும் வாய்ப்பு மிகும் என்பதற்கான சான்று 1972 இலேயே வெளிவந்தது. பின்வந்த பரிசோதனைகளையும் சேர்த்து நோக்கிய மீளாய்வு 1989 இலேயே வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அம்மருந்து கிடையாது மாண்ட சிசுக்கள் அக்கேள்விக்கு விடையாவர்.

எனினும் பயிற்சி என்ற பெயரில் நடப்பவை யாவும் பயிற்சியாகா. இரு நாட் பயிலரங்கில் மென்பொருளை இயக்கக் காட்டிச் சான்றிதழ் வழங்குவது ஆய்வாளரை உருவாக்காது. கூடையில் முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் கெடும் என்பதைக் கொழுந்து பறிப்பவர் அறிவர். தரமற்ற ஆய்வுகளைக் கூட்டிச் சராசரி காண்போர் அதனை அறியார். பயனற்ற மீளாய்வுகள் பெருகுவதை 2016 இல் ஜோன் அயோனிடிஸ் கண்டித்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நல்ல பயிற்சியின் அடையாளங்கள் தெளிவானவை. கற்பிப்பவர் தாமே மீளாய்வொன்றைச் செய்து முடித்தவராயிருத்தல் வேண்டும். தேடுமுன் செயற்றிட்டம் எழுதப்படல் வேண்டும். இருவர் தனித்தனியே ஆய்வுகளைத் தெரிந்து பின் ஒப்பிடல் வேண்டும். எப்போது முடிவுகளை இணைக்கலாகாது என்பதும் கற்பிக்கப்படல் வேண்டும். மாணவர் ஒரு மீளாய்வையேனும் நிறைவுசெய்தல் வேண்டும்.

கொக்ரேன் கைந்நூல் இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கிறது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடநெறியும் உண்டு. இவை துணையாகுமேயன்றி மேற்பார்வையாளருக்கு ஈடாகா. மேலும், தமிழில் எழுதப்பட்டு நூலக அடுக்குகளில் உறங்கும் மலையக ஆய்வேடுகள் ஆங்கிலத் தரவுத்தளங்களில் அகப்படா. அவற்றைத் தேடத் தமிழறிந்த நூலகரும், 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளும் வேண்டும்.

ஆதலால், புதிய கள ஆய்வுக்கு அனுமதி கோரும் பட்டப்பின் மாணவர், முன்னைய ஆய்வுகளின் மீளாய்வை முதலில் முன்வைத்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழகங்கள் விதிக்கட்டும். அதற்கான பயிற்சியையும் அவையே வழங்கட்டும். லயன் வாசலில் நிற்கும் தாய் ஏற்கெனவே விடையளித்துவிட்டாள். அவ்விடைகளை வாசிக்கக் கற்பதே கற்றோர் இனிச் செய்யவேண்டிய கடன்.