திருவையாற்றில் ஒரு பகல்

ஆராதனைக்குத் திருவையாறு போய் வந்தவர்கள் நம் நேயர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். ஆனால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் தலைகளைப் பார்த்திருப்பீர்களே தவிர, ஊரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சாதாரண நாளில் போக வேண்டும். போன மாதம் நான் அப்படித்தான் போனேன். துணைக்கு என் அத்தையும் வந்தாள்.

அத்தைக்கு வயது 70. கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்குப் பின்? "குக்கர் விசில்தான் எனக்குச் சுருதி" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

தஞ்சாவூரில் பஸ் ஏறினோம். அரை மணிப் பயணத்தில் ஐந்து ஆறுகள்! வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி. பாலம் வரும்போதெல்லாம் அத்தை ஒரு விரலை மடக்கினாள். ஐந்தாவது விரல் மடங்கியதும் ஊர் வந்துவிட்டது.

முதலில் திருமஞ்சன வீதிக்குப் போனோம். தியாகராஜர் 1767-இல் பிறந்தது திருவாரூரில். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் இங்கே குடிவந்துவிட்டது. அவர் வளர்ந்ததும், பாடியதும், சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இந்த வீதியில்தான். ஓட்டு வீட்டையும் திண்ணையையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பழைய வீடு இப்போது இல்லை. அதே மனையில் புதிதாக நினைவில்லம் கட்டியிருக்கிறார்கள். எனக்குச் சற்று ஏமாற்றந்தான்.

"சுவர் போனால் என்னடா? அவர் குளித்த காவேரி அங்கேதானே இருக்கிறது!" என்றாள் அத்தை.

அந்தக் காவேரிக் கரைக்கே நடந்தோம். 1847 ஜனவரியில் மறைந்த தியாகராஜரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. சந்நிதியில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய அத்தை, எதிரே சமாதியைப் பார்த்தபடி இருந்த ஒரு பெண்மணியின் சிலையைக் கண்டு நின்றுவிட்டாள்.

"இது யார்?"

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் 1878-இல் பிறந்தவர். சங்கீதத்தில் பெரும் புகழும் பொருளும் ஈட்டியவர். சமாதி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா கடிதம் எழுதினார். அம்மையார் உடனே புறப்பட்டு வந்தார். 1921-இல் திருப்பணியைத் தொடங்கினார். தம் சொத்தையும் நகைகளையும் அதற்கே செலவிட்டுக் கோயிலை எழுப்பினார்.

ஆனால், அந்தக் கோயிலில் ஆராதனையின்போது பாட அவருக்கே உரிமை இல்லை! பெண்கள் அங்கே பாடக் கூடாது என்பது அந்நாள் வழக்கம். அம்மையார் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. 1927 முதல் பெண்களைத் திரட்டி, சந்நிதிக்குப் பின்புறம் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1941-இல் கட்சிகள் ஒன்றுகூடி நடத்திய விழாவில் பெண்களும் சமமாகப் பாடினார்கள். 1952-இல் அம்மையார் காலமானபோது, தாம் கட்டிய சந்நிதிக்கு எதிரிலேயே அவருக்கும் இடம் கிடைத்தது. இன்று ஆண்களோடு சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ!

அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "யாராவது இருக்கிறார்களா, பாரேன்" என்றாள். பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளைத் தவிர யாருமில்லை.

அத்தை பாட ஆரம்பித்தாள். மெல்லிய குரல். பல்லவியும் அனுபல்லவியும் சரியாக வந்தன. சரணத்தில் வார்த்தை மறந்துவிட்டது. மறுபடி பல்லவிக்கே வந்தாள். இரண்டாந்தடவையும் அதே இடத்தில் நின்றுவிட்டது. பெருக்கிய அம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு!" என்றாள். அத்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பும்போது கடைத்தெருவில் அரைக் கிலோ அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பில் செய்கிற இந்த அல்வா இந்த ஊருக்கே பேர்போன பண்டம். பஸ்ஸில் அத்தை அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வீட்டுக்குப் போனதும் பழைய பாட்டு நோட்டைத் தேட வேண்டும். நாளை முதல் காலையில் அரை மணி எனக்குச் சாதகம். குக்கரை உங்கள் மாமா பார்த்துக்கொள்ளட்டும்."

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பாட்டு நோட்டு கிடக்கிறதா?