கண்ணாடி ரம்பம் எதற்கு?

அழகெழுத்துப் பயிலும் ஒருவரின் கோடு கரடுமுரடாக விழுகிறது, மை தெறிக்கிறது, பேனா முள் தாளைக் கீறிச் செல்கிறது. அருகிலிருப்போர் உடனே வழங்கும் தீர்ப்பு என்ன? "கை இன்னும் பழகவில்லை, மேலும் பயிற்சி வேண்டும்" என்பதே. பயில்பவரும் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொள்கிறார். கட்டுக்கட்டாகத் தாள்களை எழுதித் தீர்த்த பின்னும் கோடு திருந்தாதபோது, இந்தக் கலை தமக்கு வாய்க்காது என முடிவுசெய்து, பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார். இத்தீர்ப்பு பல வேளைகளில் அநீதியானது என்பதே என் வாதம். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்தப்பட வேண்டியது கையன்று, கை பற்றியிருக்கும் கட்டை. விசாரணையின்றித் தண்டிப்பது நீதிமன்றத்தில் மட்டுந்தானா தவறு?

எந்த எழுத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வளர்ந்தது 'ரவுண்ட்ஹேண்ட்' என்னும் சாய்ந்த கூட்டெழுத்து. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட மாதிரி ஏடுகளின் வழியே அது பரவியதால், பின்னாளில் 'காப்பர்பிளேட்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி யுனிவர்சல் பென்மேன்' அம்முறையின் புகழ்பெற்ற தொகுப்பு. அக்காலத்து எழுத்தாசான்கள் பலரின் கைவண்ணத்தை அவர் செம்பில் செதுக்கி வைத்தார். நாலுகோட்டு ஏட்டில் நாம் சிறு வயதில் எழுதிப் பழகிய ஆங்கிலக் கூட்டெழுத்துக்கு இது பாட்டன் முறை.

இவ்வெழுத்தின் உயிர் இரண்டில் அடங்கியிருக்கிறது: ஒன்று சாய்வு, மற்றொன்று கோட்டின் தடிப்பும் மென்மையும். இன்று பயில்வோர் காப்பர்பிளேட்டுக்கு அடிக்கோட்டிலிருந்து 55 பாகைச் சாய்வையும், அமெரிக்காவில் தோன்றிய ஸ்பென்சீரியன் எழுத்துக்கு 52 பாகைச் சாய்வையும் இலக்காகக் கொள்கின்றனர். தடிப்பும் மென்மையும் முள்ளிலிருந்து வருகின்றன. கூரிய எஃகு முள்ளின் நுனி நடுவே பிளந்தது. கீழ்நோக்கி இழுக்கையில் அழுத்தினால், பிளவின் இருபுறத்து அலகுகளும் பறவை வாய் திறப்பதுபோல் விரிந்து தடித்த கோட்டைத் தருகின்றன. மேல்நோக்கிச் செல்கையில் அழுத்தத்தைத் தளர்த்தினால், அலகுகள் மூடி மயிரிழைக் கோடு பிறக்கிறது. அலகுகள் இரண்டும் சமமாக விரிய வேண்டுமானால், முள்ளின் பிளவும் கோடு செல்லும் திசையும் ஒன்றாதல் வேண்டும்.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. வலக்கையால் எழுதுபவர் நேரான பேனாக்கட்டையை இயல்பாகப் பற்றினால், முள் இடப்புற மேல்மூலையை நோக்குகிறது. எழுத்தோ வலப்புறம் மேல்நோக்கிச் சாய்கிறது. இரண்டையும் ஒன்றாக்க மணிக்கட்டை முறுக்க வேண்டும். அல்லது தாளை வெகுவாகத் திருப்பி வைக்க வேண்டும். இப்பூசலைத் தீர்ப்பதற்கென 19ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்ததே சாய்வுப் பேனாக்கட்டை. அதன் முன்பகுதியில் இடப்புறமாக ஒரு சிறு தகடு நீண்டிருக்கும்; பெரும்பாலும் பித்தளைத் தகடு. முள்ளைக் கட்டையின் நுனியில் செருகாமல் இத்தகட்டின் வளைவுக்குள் செருகுவர். முள்ளின் முகம் வலப்புறம் திரும்பி எழுத்தின் சாய்வோடு உடன்படுகிறது. கையும் மணிக்கட்டும் தம் இயல்பில் இளைப்பாறுகின்றன. கோணத்தைச் சுமக்கும் வேலையை மனித உடலிடமிருந்து வாங்கிப் பித்தளையிடம் கொடுத்துவிட்டார்கள். கருவி என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் வேறு எது?

ஆனால், அந்தப் பித்தளை தன் வேலையைச் செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, கட்டையின் நடு அச்சை முன்னோக்கி நீட்டினால் வரும் கோட்டின்மீதே முள்ளின் நுனி அமைய வேண்டும். விலகியிருந்தால், விரல்கள் கட்டையைச் சிறிது உருட்டும் போதெல்லாம் நுனி வேறிடத்துக்குத் தாவும். இரண்டாவது, கை இயல்பாகப் பற்றிய நிலையில் இரு அலகுகளும் ஒரே அளவாகத் தாளைத் தொடுமாறு தகடு திருகி அமைந்திருக்க வேண்டும். இல்லையேல் ஓர் அலகே முழுச் சுமையையும் தாங்கும். கோட்டின் ஒரு கரை வழுவழுப்பாகவும் மறு கரை பிசிராகவும் வரும். முள் தாளில் மாட்டி மையைத் தெறிக்கும். மூன்றாவது, தகட்டின் வளைவு முள்ளின் அடிவளைவோடு பொருந்த வேண்டும். ஜப்பானிய 'நிக்கோ ஜி' முள் பருத்தது. 'கில்லட் 303' அதைவிடச் சிறுத்தது. ஒன்றுக்கென வளைத்த வாய் மற்றொன்றை இறுகப் பற்றாது. ஆடும் முள்ளைக் கொடுத்து ஆடாத கோடு கேட்பது, ஆடும் ஏணியில் ஏற்றிவிட்டுச் சுவருக்குச் சீராகச் சுண்ணாம்பு அடி என்பதற்கு ஒப்பாகும்.

மாணவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அச்சில் வார்த்த மலிவான கட்டை. இம்மூன்று நிபந்தனைகளில் ஒன்றேனும் அதில் தவறியிருந்தால், மாணவர் செய்யாத பிழைக்கு மாணவரே விலை கொடுக்கிறார். முதல் தீங்கு இது.

"பழைய ஆசான்களுக்குச் சாய்வுக்கட்டை ஏது? பிக்கம் தொகுப்பில் இடம்பெற்றவர்கள் நேரான இறகுப் பேனாவால் எழுதவில்லையா? திறமை இருந்தால் எதனாலும் எழுதலாம்" என்பர் சிலர். கேட்பதற்கு வீரமான பேச்சு. ஆனால், அது வரலாற்றின் பாதியை மறைக்கிறது. இறகுப் பேனாவால் எழுதிய ஆசான், சிறு கத்தியால் தம் இறகைத் தாமே சீவிக்கொண்டார். பிளவு எங்கே வர வேண்டும், நுனி எவ்வளவு குறுக வேண்டும் என்பதைத் தம் கையின் போக்கறிந்து தாமே முடிவு செய்தார். மழுங்கியபோது மீண்டும் சீவினார். அதாவது, அவர் கையிலிருந்தது அவர் கைக்கென்றே செய்த கருவி. கருவி எதுவானால் என்ன என்ற அலட்சியத்துக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வாக்குமூலம் எழுதுகிறார்கள்.

இறகின் காலம் பர்மிங்ஹாமில் முடிந்தது. 1820களிலும் 1830களிலும் ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் போன்றோர் எஃகு முள்ளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினர். அந்நூற்றாண்டில் உலகம் பயன்படுத்திய எஃகு முள்களில் பெரும்பகுதி அந்நகரத்தின் பட்டறைகளிலிருந்தே சென்றது. அங்கு கை அச்சுகளை இழுத்து, தகட்டை வெட்டி, வளைத்து, பிளவிட்டவர்களுள் மிகப் பலர் பெண்கள். கைவினையை வானளாவப் புகழ்ந்து ஆலைப் பொருளை இகழ்வோர் இப்பெண்களை மறந்துவிடுகிறார்கள். தலைசிறந்த கைவினைக் கட்டையிலும் செருகப்படுவது ஆலையில் பிறந்த முள்ளே. ஆகவே, ஆலைக்கும் கைக்கும் இடையே நான் சண்டை மூட்டவில்லை. முள் எல்லாருக்கும் ஒன்றானபோது, அவரவர் கைக்குப் பொருத்தும் பொறுப்பு முள்ளிலிருந்து கட்டைக்கு இடம்பெயர்ந்தது என்பதே நான் சுட்ட விரும்பும் உண்மை. முன்பு கத்தி செய்ததை இன்று தகடு செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தார்கள். பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800–1864) வகுத்த எழுத்துமுறை அந்நாட்டின் வணிகக் கல்லூரிகளில் வேரூன்றியது. நல்ல கையெழுத்து அன்று எழுத்தருக்குச் சோறு போட்டது. 1888இல் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் சார்லஸ் பாக்ஸ்டன் ஸேனர் தொடங்கிய ஸேனரியன் கல்லூரி, எழுத்தாசான்களை உருவாக்கும் பள்ளியாகப் பெயர் பெற்றது. லூயி மதராஸ் (1859–1910) போன்றோரின் அலங்கார எழுத்தைக் கண்டு இன்றும் வியக்கிறோம். அத்தலைமுறைக்குச் சாய்வுக்கட்டை அன்றாடத் தொழிற்கருவி. 1874இல் ரெமிங்டன் தட்டச்சுப்பொறி விற்பனைக்கு வந்தது. பின்னர் பால்மரின் எளிய, விரைவான எழுத்துமுறை பள்ளிகளைப் பிடித்தது. கூர்முள் எழுத்து ஒதுங்கியது. 1949இல் அமைந்த 'ஐயாம்பெத்' என்னும் எழுத்தாசான்கள் சங்கத்தைப் போன்றவை அத்தீயை அணையாமல் காத்தன. இன்று திருமண அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதியும், பட்டயங்கள் வரைந்தும் இதனால் பிழைப்போர் உலகெங்கும் உண்டு. அவர்களுக்காகக் கட்டை செய்வோரும் பெரும்பாலும் தனியாட்களே: ஒரு கடைசல் இயந்திரம், ஓர் அரம், ஒரு குறடு, கொஞ்சம் பித்தளை.

இப்போது இரண்டாவது தீங்குக்கு வருகிறேன். கருவியை அலட்சியம் செய்வது ஒரு பிழையென்றால், அதைப் பேழையில் வைத்துப் பூசிப்பது மறுபிழை. கருங்காலியாம், ஈட்டியாம், வண்ணக் குழம்பில் உறைந்த மரமுடிச்சாம்! பளபளக்கும் கட்டைகளை வரிசையாக அடுக்கி அழகு பார்ப்போர் பெருகிவிட்டனர். அவற்றுள் எத்தனை மையைக் கண்டிருக்கின்றன? விற்போரும் வாங்குவோரின் கண்ணையே குறிவைக்கிறார்கள். மரத்தின் வரியைக் காட்டும் படங்களுள் எத்தனை, முள் செருகிய தகட்டை முன்னிருந்து காட்டுகின்றன? நுனி அச்சில் நிற்கிறதா என்று பார்க்க இடம் தருகின்றன? ஈட்டி மரத்தை உள்ளடக்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுதும் 2017 முதல் 'சைட்டஸ்' என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அருகிவரும் மரத்தை வெட்டிக் கொணர்ந்து, கோணம் தவறிய கட்டை ஒன்றைச் செய்வது எவ்வகை அறம்? தகடு செம்மையாக இருந்தால், சாதாரண மேப்பிள் மரத்திலிருந்தும் அதே மயிரிழை பிறக்கும். முள்ளுக்கு மரத்தின் விலை தெரியாது.

புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார். மனித உடலின் அமைப்பைப் பற்றி ஆராயும் இடத்தில், தமது 'இறையியல் தொகுப்பில்' அவர் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறார். ரம்பம் செய்யும் தொழிலாளி அதை இரும்பால் செய்கிறானேயன்றிக் கண்ணாடியால் செய்வதில்லை. கண்ணாடி இரும்பைவிட அழகியதுதான். ஆயினும், அறுப்பதற்கு அந்த அழகே தடையாகிவிடும் என்கிறார். சிறந்த கைவினைஞன் தன் படைப்புக்குத் தருவது, அதன் நோக்கத்துக்கு ஏற்ற சிறப்பமைப்பு. இன்றைய கண்ணாடிப் பேழைகளில் உறங்கும் கட்டைகளைப் பார்க்கும்போது, அழகான கண்ணாடி ரம்பங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அழகே வேண்டாமா? வேண்டும். ஆனால், வரிசை மாறக்கூடாது. அளவு முதலில், அணி பின்னர். விரல்கள் பற்றும் இடத்தில் கட்டை மெல்லியதாகக் குறுகி, பின்பக்கம் எடை கூடாமல் நீண்டு, தகடு தன் கோணத்தில் நின்றால், அதுவே பேரழகு. அதற்குமேல் ஒரு வளையமோ செதுக்கலோ சேர்ந்தால் எவரும் வருந்தப் போவதில்லை.

இதே நியாயம் விலைக்கும் பொருந்தும். "ஒரு குச்சிக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவோர் உளர். மரத்தைக் கடைவது வேலையின் பாதியே. பித்தளையை வெட்டி, வளைத்து, வாங்குபவர் சொன்ன முள்ளைச் செருகிப் பார்த்து, எழுதிப் பார்த்து, மீண்டும் வளைத்து, நுனியை அச்சில் நிறுத்துவதே மறுபாதி. கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்புக்குத்தான் கூலி. அதைக் கொடுக்க மறுப்பவர் கைவினைஞரின் நேரத்தைக் களவாடுகிறார். அந்த உழைப்பைச் செய்யாமலே மரத்தைக் காட்டி விலை கேட்பவரோ வாங்குபவரின் நம்பிக்கையைக் களவாடுகிறார். இரண்டும் ஒரே கட்டளைக்கு எதிரானவை.

பொருள்வசதி இல்லாதவர் என்ன செய்வது? அஞ்ச வேண்டியதில்லை. பித்தளை மென்மையான உலோகம். சிறு குறடு ஒன்றால், பொறுமையோடு, தகட்டை முள்ளுக்கு ஏற்ப இறுக்கவும் சிறிது திருப்பவும் முடியும். சிறு திருகாணியால் வெவ்வேறு முள்களுக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ளும் தகடுகளும் உண்டு. ஆக, எளிய மரக்கட்டையும் உலோகத் தகடும் போதும். அசையாத பிளாஸ்டிக் வாய்க்குத்தான் மருந்து குறைவு. வாங்குமுன் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: எந்த முள்ளுக்கு இத்தகடு வளைக்கப்பட்டது? நுனி நடு அச்சில் நிற்கிறதா? இரு அலகுகளும் ஒருசேரத் தாளைத் தொடுகின்றனவா? விடை சொல்லத் தெரியாதவரிடம் மரத்தின் பெயரைக் கேட்டுப் பயனில்லை.

கற்பிப்போருக்கும் ஒரு சொல். இடக்கையால் எழுதுபவரிடம் இடப்புறத் தகடுள்ள கட்டையைக் கொடுத்துவிட்டு, அவர் கை கோணலானது என்று ஏசாதீர்கள். அவர் கை பெரும்பாலும் அந்தச் சாய்வுக்கு இயல்பாகவே இணங்கி நிற்கும். நேரான கட்டையே அவருக்குப் போதுமாகலாம். வலக்கையரோ இடக்கையரோ, ஒருவர் கோடு சிதைந்தால், அவர் பேனாவை வாங்கி நீங்களே இரண்டு கோடு இழுத்துப் பாருங்கள். பழகிய கையிலும் முள் கீறினால், மாணவர் விடுதலை பெற வேண்டியவர். கீறாவிட்டால், அப்போது பயிற்சியைப் பற்றிப் பேசுங்கள். அவரும் மனமொப்பிக் கேட்பார். அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்ய மறுக்கும் ஆசிரியருக்கு, "உனக்குக் கை வராது" என்று எவரிடமும் சொல்லும் உரிமை இல்லை.