பாடசாலை திறக்கும் மாதமும் பண்டிகை மாதம்தான்

2025ஆம் ஆண்டின் முதலாம் தவணை ஜனவரி 27ஆம் திகதி ஆரம்பமானது. நத்தார் முடிந்து, பொங்கலும் முடிந்து, கையிலிருந்த காசெல்லாம் கரைந்த பிறகுதான் நம் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தது. கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, வசதிக் கட்டணம், பஸ் காசு என எல்லாச் செலவும் ஒரே வாரத்தில் வந்து நிற்கிறது.

திகனயில் வாழும் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து ஆசிரியரானவர். நத்தாருக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தாயிற்று. இப்போது அதே பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க வேண்டும். வகுப்பில் வெறுங்கையோடு வந்து உட்காரும் பிள்ளைக்கென்று இன்னும் நாலு கொப்பியும் வாங்க வேண்டும். இப்படிச் சொந்தக் காசைச் செலவழிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த ஆசிரியருக்கு ஒரு பிடிமானம் உண்டு. அவர் அரசாங்க ஊழியர். 2025இல் பண்டிகைக்கு 10,000 ரூபாய் முற்பணம் வட்டியில்லாமல் கிடைத்தது. அதற்கு மேல், புது வருடம் பிறந்ததும் 4,000 ரூபாய் வரை விசேட முற்பணம் கிடைத்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் கொப்பிக் கடையில் கடன் சொல்லாமல் நிற்க அது போதும்.

அவருடைய வகுப்பில் படிக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு வருவோம். 2025இல் நாட் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபாய் போனால் மிச்சம் 1,242. கொழுந்து குறைந்த நாளில் அதுவும் முழுதாக வராது. தீபாவளிக்கு எடுத்த முற்பணத்தின் கழிவு ஜனவரிச் சம்பளத்திலும் தொடர்கிறது. இந்த நிலையில் ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவே இரண்டு மூன்று நாள் உழைப்புப் போய்விடும். மூன்று பிள்ளைகள் இருந்தால் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2025ஆம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுப்பதாக அறிவித்தார்கள். சேமலாப நிதி போக அன்று நம் கைக்கு வந்த கூலியில் அது ஏறக்குறைய ஐந்து நாள் சம்பளம். அதை வரவேற்கிறோம். ஆனால் அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டுப்போன குடும்பங்கள் எத்தனை என்பது ஒவ்வொரு லயத்துக்கும் தெரியும். பட்டியலில் இல்லாத பெற்றோரும் தயங்காமல் அதிபரிடம் போய் விசாரிக்க வேண்டும். தோட்டத் தலைவர்கள் கூடப் போக வேண்டும்.

இது சலுகைக்கான கெஞ்சல் அல்ல. 1854இல் கண்டியில் கிறிஸ்தவ மிஷனரிமார் தோட்டத் தமிழருக்கென்று ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் உபதேசிமார்தான் பல தோட்டங்களில் முதல் வாத்தியார்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். முப்பது வருடத்துக்கு மேல் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் பின்னால் நிறுத்தப்பட்டார்கள். அந்த இடைவெளியை இன்றும் நம் பிள்ளைகள்தான் ஓடி அடைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தீபாவளிக்கு முற்பணம் கொடுக்கும் தோட்ட நிர்வாகங்கள், பாடசாலை திறக்கும் மாதத்திலும் வட்டியில்லாத பாடசாலை முற்பணம் கொடுக்க வேண்டும். பண்டிகைகள் மதத்துக்கு மதம் மாறும். பாடசாலை மணி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில்தான் அடிக்கிறது. 2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டபோது கண்டி மாவட்டத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. எந்த மதத்துப் பிள்ளைக்கும் அன்று பாடம் நடக்கவில்லை. அதை நாம் மறக்கக் கூடாது.

‘இன்னொரு கடனா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடன் இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. அடகுக் கடையிலும் வட்டிக்காரரிடமும் இருக்கிறது. வட்டியோடு இருக்கிறது. வட்டியில்லாமல், சிறு சிறு தவணையாக, தீபாவளிக் கழிவு முடிந்த பின் கழிக்கும்படி ஏற்பாடு செய்தால் அந்தச் சுமை குறையும். முற்பணம் சம்பள உயர்வுக்கு ஈடாகாது என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் போராட்டம் வேறு, அது தொடரும். அதுவரை பிள்ளை சப்பாத்துக்காகக் காத்திருக்க முடியாது.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கொப்பி இல்லை, சப்பாத்து இல்லை என்று எந்தப் பிள்ளையையும் முதல் வாரத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பி அனுப்பினால் சில பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள். பெற்றோர்களே, காசு சேரட்டும் என்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பழைய சப்பாத்தோடாவது அனுப்புங்கள். பாடசாலை முற்பணக் கோரிக்கையை இந்த மாதக் கூட்டத்திலேயே எழுத்தில் எழுதி, கையெழுத்திட்டு, உங்கள் தோட்டத் தலைவர், தலைவி மூலம் நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.