புகை போக வழியில்லாத வீடுகள்

மலையூரில் பூட்டிய அறைக்குள் கரியடுப்பை வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: ‘விழிப்புணர்வு இல்லை.’ 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இருவர் இறந்தபோதும் அதேதான். சுற்றுலா போனவர்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். கல்வராயன் மலைக்காரர்களைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு தொகுப்பு வீட்டில், மார்கழியில் ஓர் இரவு தங்கினேன். வீட்டுக்கார அம்மா இரும்புச் சட்டியில் தணலை அள்ளிவந்து நடுவில் வைத்தார். நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

“சாத்துங்க தம்பி, குளுரு உள்ள வருது. பொகதான் அடங்கிப்போச்சே, இனிமே என்னா?”

விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், உடம்பே நம்மை வெளியே துரத்தும். புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் தணலோ கார்பன் மோனாக்சைடை ஏராளமாக விட்டுக்கொண்டிருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அசதி. குளிர் இரவில் அசதியை யார் சந்தேகப்படுவார்கள்? மேலே சாம்பல் மூடினாலும் நிற்காது. ‘நீறு பூத்த நெருப்பு’ என்பதை நாம் மேடைப் பேச்சுக்கு ஒதுக்கிவிட்டோம்.

அந்த அம்மாவின் பழக்கம் புல்வேய்ந்த வீட்டில் உருவானது. அங்கே கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று போய்வரும். புகையும் போகும், கண்ணுக்குத் தெரியாததும் போகும். நான் படுத்திருந்த கான்கிரீட் அறையில் அண்ணாந்து பார்த்தால் ஒரு துளைகூட இல்லை. படம் வரைந்தவருக்கு மலையில் பனி பெய்யும் என்று யாரும் சொல்லவில்லைபோல. விழிப்புணர்வு இல்லாதவர் யார்?

உடனே கூரை வீட்டைப் போற்ற சில நண்பர்கள் வருவார்கள். அடுப்புப் புகை கூரையைப் பூச்சியிலிருந்து காக்குமாம். காக்கும்தான், கூரையை. ஊதுகிற பெண்ணின் நுரையீரலை?

‘சிலிண்டர் கொடுத்தாச்சே’ என்பார்கள் இன்னொரு பக்கத்தார். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தைக் குறை சொல்லவில்லை. சிலிண்டரில் சோறாக்கலாம், ராத்திரி முழுக்கக் குளிர்காய முடியாது.

பின்லாந்தில் புகைச் சவுனா என்று ஒரு வெந்நீராவிக் குளியலறை உண்டு. அதற்கும் புகைபோக்கி கிடையாது. ஆனால் மணிக்கணக்கில் விறகெரித்துக் கல்லைச் சூடேற்றி, நெருப்பு அணைந்து காற்று மாறிய பிறகே ஆள் உள்ளே போகிறார். அந்தச் சவுனாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் பட்டியலில் சேர்த்தது. நமக்குப் பட்டியல் வேண்டாம். அடுப்புக்கு மேலே கூரையைத் தாண்டும் ஒரு குழாயும், சுவரில் மேலொன்று கீழொன்றாய் அடைக்க முடியாத இரண்டு துளைகளும் போதும். அதுவரை, படுக்கும் முன் தணல் வெளியே போக வேண்டும்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், ஊறல் தேடி அதிகாரிகள் இந்த மலையேறினார்கள். குடிக்கிற விஷத்துக்கு அத்தனை வண்டிகள். சுவாசிக்கிற விஷத்துக்கு ஒரு கொத்தனார் போதும், அவர்தான் வரவில்லை.

அன்றிரவு சட்டியைத் தூக்கித் திண்ணையில் வைத்தேன். அந்த அம்மா சிரித்தபடி இன்னொரு கம்பளியைக் கொடுத்தார்.

“எங்க ஊட்ல யாருக்கும் ஒண்ணும் ஆவல தம்பி. சின்னவன்தான், பனிக்காலம் வந்தா, காலைல எந்திரிச்சதும் தல நோவுதுங்கிறான்.”