மேக்ஸ் எடுக்கலையா? அப்ப கிடையாது!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாலும் இது நடக்கும். அரசுக் கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் அப்ளிகேஷன் போட ஒரு மாணவி வந்திருப்பாள். பக்கத்தில் அப்பா. பி.சி.ஏ. என்று சொன்னதும் கடைக்காரர் கேட்பார், "மேக்ஸ் இருக்கா பாப்பா?" இல்லை. காமர்ஸ், அக்கவுண்டன்சி, எகனாமிக்ஸ், ஹிஸ்டரி. "அப்ப பி.காம். இல்லாட்டி பி.ஏ. போடு." இரண்டு நிமிடம். முடிந்தது. அடுத்த ஆள் வாங்க!

அவளுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? பத்தாம் வகுப்பு வரை கணக்குப் படித்துத்தானே பாஸ் செய்தாள்?

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது அவளுக்குப் பதினைந்து வயது. எல்லா அரசு மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் இல்லாத பள்ளி என்றால் ஹிஸ்டரிதான். வேறு பள்ளி வேண்டுமென்றால் வேறு பஸ். மணமேல்குடி பக்கத்திலோ கறம்பக்குடி பக்கத்திலோ ஒரு பெண் பிள்ளையின் குரூப்பை முடிவு செய்வது பாதி நேரம் பஸ் டைம்தான். இது போதாதென்று, தேர்ச்சி சதவீதத்துக்குப் பயந்து, "உனக்குக் கணக்கு கஷ்டம்மா" என்று கழற்றிவிடுகிற வேலை வேறு. இந்தப் பாடத்தை விட்டால் நாளைக்கு எந்தெந்த கோர்ஸ் போகும் என்று அட்மிஷன் அன்றைக்கே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? ஜெராக்ஸ் எடுத்தால் ஒரு ரூபாய் ஆகுமா? மூன்றாவது வருடம் தெரியவேண்டிய விஷயமா அது?

"மேக்ஸ் இல்லாமல் உள்ளே வந்தால் திணறுவார்களே" என்பது இதற்கு வழக்கமான பதில். திணறுவார்கள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பல கல்லூரிகளில் அறிவியல் குரூப் படித்தவர்களும் பி.காம். சேர்கிறார்கள். டெபிட் எது, கிரெடிட் எது என்று முதல் செமஸ்டரில்தான் அவர்கள் ஆரம்பிக்கிறார்கள். அதற்காக யாரும் கதவைச் சாத்தவில்லையே! மேக்ஸ் எடுக்காத காமர்ஸ் மாணவர்களையும் பி.காம். விட்டுவிடுவதில்லை, புள்ளியியலோ வணிகக் கணிதமோ எப்படியும் வந்து நிற்கும். அவர்களும் எழுதிப் பாஸ் செய்கிறார்கள்.

சி.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் ஃபவுண்டேஷன் எழுதலாம். ஆனால் அதில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த ஒரு பேப்பர் நூறு மார்க்குக்கு உண்டு. பழைய மார்க்‌ஷீட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, இந்தப் பேப்பரில் பாஸ் செய்கிறாயா என்றுதான் கேட்கிறார்கள். இதைவிட நேர்மையான வழி என்ன இருக்கிறது?

இக்னோவும் இதைச் செய்தது. அதன் பழைய எம்.சி.ஏ. திட்டத்தில் பிளஸ் டூவில் மேக்ஸ் இல்லாதவர்கள் சி.எஸ்.-60 என்ற அடிப்படைக் கணிதப் பாடத்தை முதல் வருடத்தோடு சேர்த்துப் படித்தார்கள். 2021-ல் ஏ.ஐ.சி.டி.இ. ஒரேயடியாகப் பாய்ந்து, இன்ஜினியரிங்குக்கே மேக்ஸும் பிசிக்ஸும் கட்டாயமில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த வருடமே அதை ஒரு சில படிப்புகளோடு சுருக்கிக்கொண்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. பாலம் கட்டப் போகிறவனுக்கு கால்குலஸ் தெரியாவிட்டால் பாலத்தில் போகிறவன் பாடு திண்டாட்டம் :-) ஆனால் 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் என்ன சொன்னது? பிளஸ் டூவில் பயாலஜி இல்லாதவர்கள் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதிப் பாஸ் செய்தாலும் நீட் எழுதலாம் என்றது. டாக்டருக்கே அப்படி ஒரு வழி இருக்கிறது... பி.சி.ஏ.வுக்கு ஏன் இருக்கக் கூடாது?

இத்தனைக்கும் இது எந்த ஊர்? 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட மாவட்டம். முன்னால் என்ன படித்தாய் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுடைய பேத்திகளிடம்தான் இன்றைக்கு "மேக்ஸ் இருக்கா" என்று கேட்கிறார்கள்.

மன்னர் கல்லூரியானாலும் அரசு மகளிர் கல்லூரியானாலும், மேக்ஸ் இல்லாத பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஒரு அடிப்படைக் கணிதப் பேப்பர் வைக்கட்டும். தேறினால் தொடரட்டும், தேறாவிட்டால் வேறு துறைக்கு மாறட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், தனி வாத்தியாரும் வேண்டாம். கணிதத் துறை பக்கத்து பிளாக்கில்தானே இருக்கிறது?

அது வரும்வரை மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது: கடைக்காரர் சொன்னதை நம்பாமல் கல்லூரியின் ப்ராஸ்பெக்டஸை வாங்கிப் படிக்க வேண்டும். மேக்ஸ் என்று போட்டிருக்கும் சில இடங்களில் வணிகக் கணிதத்தையும் ஏற்கிறார்கள், அதைக் கேட்காமலே திரும்பி வந்தவர்கள் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தை மட்டும் தனிப் பாடமாக எழுதலாம். சேரப்போகும் கல்லூரி அதை ஏற்குமா என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பி.காம். சேர்ந்துவிட்டவர்களுக்கு எம்.சி.ஏ. ஆசை இருந்தால், அதற்குப் பள்ளியில் இல்லாவிட்டாலும் பட்டப்படிப்பில் கணிதம் இருந்தால் போதும் என்றுதான் விதி. உங்கள் வணிகக் கணிதப் பேப்பர் அந்தக் கணக்கில் வருமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அரியர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.